ஸ்கேன்ல 8 வாரம்னு இருக்கு, கல்யாணமாகி ஆறரை வாரம்தான் ஆச்சு

மஞ்சக்காடு | ஆகஸ்ட் 5, இரவு 10:40

வணக்கம். இங்க முதல் தடவை எழுதுறேன். ஊரு கோபி பக்கம். ஜூன் 20 கல்யாணம். ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்த இடத்துல நாள் தள்ளிப்போய், அட்டை டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்துச்சு. இன்னைக்கு முதல் ஸ்கேன். துடிப்பு நல்லா இருக்கு, 1.6 செ.மீ. நீளம்னு சொன்னாங்க. ஆனா ரிப்போர்ட்ல "8 வாரம் 0 நாள்"னு போட்டிருக்கு.

ஸ்கேனுக்கு அத்தையும் (அவரோட அம்மா) வந்திருந்தாங்க. வீட்டுக்கு வந்ததும் மாசக் காலண்டர் முன்னாடி நின்னு விரல் வச்சு எண்ணுனாங்க. ரெண்டு தடவை எண்ணுனாங்க. ஒண்ணும் கேக்கல. காப்பியை மட்டும் பாதியிலயே வச்சுட்டுப் போயிட்டாங்க. அவரு "நீ கண்டுக்காதே"ன்னு சிரிக்கிறாரு. எனக்கு அழுகையா வருதுங்க. மெஷின் தப்பாக் காட்டுமா?

நெல்லை_அல்வா | ஆகஸ்ட் 5, இரவு 11:02

அட இதுக்குப் போயா அழுவாங்க! எனக்கும் இதே கூத்துதான் நடந்துச்சு. நர்சம்மா வந்து விளக்குவாங்க, நீங்க தூங்குங்க.

நர்சம்மா_ஓய்வு | ஆகஸ்ட் 6, காலை 5:50

அழாதே கண்ணு. மெஷின் தப்பில்ல, உன் மேலயும் ஒரு தப்பும் இல்ல. கணக்குப் போடுற முறைதான் அப்படி. கரு எந்த நாள்ல உண்டாச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால கடைசி மாதவிடாயோட முதல் நாள்லருந்து எண்ண ஆரம்பிக்கிறது வழக்கம். உன் ரிப்போர்ட்ல எல்.எம்.பி.ன்னு ஒரு தேதி இருக்கும் பாரு. ஜூன் 10னு இருக்கணும்.

28 நாள் சுற்று வர்ற பொண்ணுக்கு முட்டை வெளிய வர்றது ஏறக்குறைய 14ஆம் நாள். உனக்கு அது ஜூன் 23, 24 வாக்குல. கல்யாணம் முடிஞ்ச மூணாம், நாலாம் நாள். அதாவது அந்த 8 வாரத்துல முதல் ரெண்டு வாரம் வயித்துல குழந்தையே கிடையாது. குழந்தையோட நிஜ வயசு ஆறு வாரம்தான். உலகம் முழுக்க இதே கணக்குதான்.

இன்னொண்ணு. முகூர்த்தம் குறிக்கிறப்ப உங்க அம்மாகிட்ட "பொண்ணுக்குத் தேதி எப்ப?"ன்னு கேட்டிருப்பாங்களே? கேட்டது உங்க அத்தையாத்தான் இருக்கும். அன்னைக்குச் சொன்ன அதே ஜூன் 10தான் இதுன்னு எடுத்துச் சொல்லு.

பிரசவத் தேதிக்கும் அதுதான் ஆரம்பம். ஏழு நாளைக் கூட்டு, மூணு மாசம் பின்னாடி போ. மார்ச் 17. மொத்தம் 280 நாள்.

மஞ்சக்காடு | ஆகஸ்ட் 6, காலை 9:15

அம்மா!! ஜூன் 10தான் இருக்கு! தேதி கேட்டதும் அத்தையேதான். போன்ல உங்க பதிலை அப்படியே வாசிச்சுக் காட்டுனேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "பப்பாளி திங்காதே"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. சமாதானம்னு எடுத்துக்கறேன்.

திருச்சி_மாப்ள | ஆகஸ்ட் 6, காலை 9:40

சிஸ்டர், ஆடிக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிருக்கு. ஆடியில தங்கினா சித்திரை வெயில்ல பிரசவம்னுதானே பொண்ணைப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க? உங்களுக்குப் பங்குனி. நூலிழையில தப்பிச்சீங்க.

தகவல்_திலகம் | ஆகஸ்ட் 6, மதியம் 1:20

மஞ்சக்காடு கவனத்துக்கு: பப்பாளி, அன்னாசி, எள்ளு மூணையும் தொடவே கூடாது. மூணாம் மாசத்துலருந்து பால்ல குங்குமப்பூ போட்டுக் குடிச்சா குழந்தை செக்கச்செவேல்னு பிறக்கும். அனுபவத்துல சொல்றேன்.

நர்சம்மா_ஓய்வு | ஆகஸ்ட் 6, இரவு 8:10

திலகம் தம்பி, உங்க அனுபவம் எப்படின்னு எனக்குப் புரியல, பரவால்ல. குழந்தையோட நிறம் அப்பா அம்மா பரம்பரையிலருந்து வர்றது. குங்குமப்பூ வித்தவங்கதான் அதுல சிவந்திருக்காங்க. காய்ப்பப்பாளியில பால் இருக்கு, அதை ஒதுக்குறது சரி. நல்லாப் பழுத்த பப்பாளி ரெண்டு துண்டால யாருக்கும் கரு கலையாது.

கண்ணு, நீ இப்ப பண்ண வேண்டியது வேற. ஃபோலிக் ஆசிட் மாத்திரை போடுறியா? மூளையும் தண்டுவடமும் ஆகப்போற குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள்ள மூடிடும். பல பேருக்கு நாள் தள்ளிப்போனதே அப்பத்தான் தெரியும். அதனாலதான் கல்யாணமான உடனே அந்த மாத்திரையை ஆரம்பிங்கன்னு 31 வருஷம் வீடு வீடாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். பாதிப் பேரு "இப்பவே எதுக்கு, ஊரு என்ன நினைக்கும்"னு கதவைச் சாத்துவாங்க. போனது போகட்டும், 12 வாரம் முடியற வரைக்கும் விடாமப் போடு. அப்புறம், 12 வாரத்துக்குள்ள உங்க ஊர் நர்சுகிட்டப் பதிஞ்சு, கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் கொடுக்கற பதிவு எண்ணான பிக்மி நம்பர் வாங்கிடு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணத்துக்கும் அது வேணும், நாளைக்குப் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேணும்.

மஞ்சக்காடு | ஆகஸ்ட் 21, காலை 7:30

பத்து வாரம். தாளிக்கிற வாசனை வந்தாலே ஓடுறேன். பல் தேய்க்கறதுக்குள்ள வாந்தி. குழந்தை ஒரு நெல்லிக்காய் அளவு கூட இருக்காதே, அதுக்குள்ள இவ்வளவு அலட்டலா? சாயங்காலம் நாலு மணிக்கே உடம்பு அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு. ஒரு வேலையும் செய்யல, ஆனா அவ்வளவு அசதி.

நர்சம்மா_ஓய்வு | ஆகஸ்ட் 21, காலை 9:00

வேலை செய்யலைன்னு யாரு சொன்னது? குழந்தை சின்னதுதான், ஆனா உடம்பு அது வளர்ற வரைக்கும் காத்திருக்காது. கல்யாணத்துக்கு முன்னாடியே பந்தல் போடுற மாதிரி. இப்பவே உன் இதயம் வழக்கத்தை விட அதிகமா ரத்தத்தைத் தள்ள ஆரம்பிச்சாச்சு, சிறுநீரகமும் கூடுதலா வடிகட்டுது. வயிறு தெரியறதுக்கு முன்னாடியே அடிக்கடி பாத்ரூம் போறியே, அதனாலதான். நஞ்சுக்கொடி வேற உருவாகிட்டு இருக்கு. அது பொறுப்பை ஏத்துக்கற வரைக்கும் முட்டை வெடிச்ச இடத்துல இருக்கற மஞ்சள் திட்டுதான் கருவைத் தாங்கற ஹார்மோனைச் சுரக்கும். அந்தக் கைமாத்து நடக்கற சமயம் இது.

மசக்கைக்கும் ஹார்மோனுக்கும் தொடர்பு உண்டு. எச்.சி.ஜி.ங்கற கர்ப்ப ஹார்மோன் உச்சத்துக்குப் போறது ஒன்பது, பத்து வாரத்துல. வாந்தி அதிகமா இருக்கறதும் அப்பத்தான். பெரும்பாலானவங்களுக்கு 14, 16 வாரத்துல அடங்கிடும். எந்திரிக்கறதுக்கு முன்னாடி படுக்கையிலயே ரெண்டு வாய் பொரி தின்னு. ஆனா தண்ணி கூடத் தங்கல, சிறுநீர் அடர்மஞ்சளாப் போகுது, எடை இறங்குதுன்னா அதுக்குப் பேரு மசக்கை இல்ல. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

மஞ்சக்காடு | அக்டோபர் 22, மாலை 6:05

ரொம்ப நாளாச்சு வந்து. வாந்தி 15ஆம் வாரத்துல நின்னுடுச்சு. நேத்து நடந்ததைச் சொல்லணும். இட்லித் தட்டுல மாவு ஊத்திட்டிருந்தேன். அடிவயித்துல, தண்ணிக்குள்ள கெண்டைக்குஞ்சு புரண்ட மாதிரி ஒரு சின்னப் புரளல். வாயுன்னு நினைச்சேன். கரண்டியைப் பிடிச்சுட்டு அப்படியே நின்னேன். மறுபடியும் ஒண்ணு. நாலாவது குழியில மாவு வழிஞ்சு ஓடிடுச்சு. 19 வாரம். என் ஓரகத்திக்கு 17லயே தெரிஞ்சுதாமே?

கரிசல்_கிளி | அக்டோபர் 22, இரவு 7:30

எல்லாரும் சொல்ற பட்டாம்பூச்சி எல்லாம் எனக்கு இல்ல, கண் இமை துடிக்குமே, அது வயித்துக்குள்ள துடிச்ச மாதிரி இருந்துச்சு. ஓரகத்திக்கு அது ரெண்டாவது பிள்ளையா? ரெண்டாவதுக்குச் சீக்கிரம் தெரியும், இன்னதுன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருப்போம்ல.

மஞ்சக்காடு | அக்டோபர் 28, மதியம் 2:45

இன்னைக்கு அஞ்சாம் மாச ஸ்கேன். மூளை, முதுகெலும்பு, இதயத்தோட நாலு அறை, சிறுநீரகம் எல்லாம் சரி. கட்டை விரலை வாயில வச்சிருந்துச்சு! "பிளாசென்டா ஆன்டீரியர்"னு எழுதியிருக்காங்க. அப்படின்னா?

[நீக்கப்பட்ட பதிவு] | அக்டோபர் 28, மதியம் 3:10

மட்டுறுத்துநர்: நஞ்சுக்கொடி இருக்கற இடத்தை வச்சு ஆணா பெண்ணான்னு சொல்ற பதிவு நீக்கப்பட்டது. பிறக்கறதுக்கு முன்னாடி பாலினம் கண்டறிஞ்சு சொல்றது 1994ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். நம்ம விவாதத்துல ஜோசியமாக் கூட வேண்டாம்.

நர்சம்மா_ஓய்வு | அக்டோபர் 28, மாலை 5:20

மட்டுறுத்துநர் பண்ணது சரி. அதோட அந்த ஜோசியம் பொய்யும் கூட. ஆன்டீரியர்னா நஞ்சுக்கொடி கருப்பையோட முன்பக்கச் சுவர்ல ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். குழந்தைக்கும் உன் வயித்துத் தோலுக்கும் நடுவுல ஒரு தலையணை வச்ச மாதிரி. அதனாலதான் உதை லேட்டாத் தெரியும், மெதுவாத் தெரியும். கீழ இறங்கி கருப்பை வாயை மறைச்சிருக்கான்னுதான் பார்க்கணும், உனக்கு அப்படி இல்ல.

இப்பக் கருப்பை மேல்விளிம்பு சரியா உன் தொப்புள் மட்டத்துல இருக்கும். படுத்துக்கிட்டுத் தொட்டுப் பாரு. இதுக்கு மேல அடிவயித்து எலும்புலருந்து டேப் வச்சு அளந்தா, செ.மீ. கணக்கும் வாரக் கணக்கும் கிட்டத்தட்ட ஒண்ணா வரும். ஸ்கேன் இல்லாத காலத்துல எங்களுக்குக் கண்ணு அந்த டேப்தான்.

மஞ்சக்காடு | நவம்பர் 26, காலை 8:00

24 வாரம். குளுக்கோஸ் தண்ணி குடிக்க வச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க, 132. 140க்குக் கீழ இருந்தாச் சரியாம். ஆனா ஹீமோகுளோபின் கவலையா இருக்கு. எட்டாம் வாரத்துல 12.1. இப்ப 10.4. தினம் மாதுளை, பேரீச்சை, முருங்கைக்கீரை. இவ்வளவு தின்னும் எப்படிக் குறையும்? அத்தை "நான் கொடுத்ததையெல்லாம் எங்க கொட்டுனே"ங்கற மாதிரிப் பார்க்கறாங்க.

கரிசல்_கிளி | நவம்பர் 26, காலை 8:40

ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். சாம்பல், திருநீறு, பச்சரிசின்னு எதையாவது திங்கத் தோணுதா? எனக்கு ஆறாம் மாசம் பல்பம் ஆசை. அண்ணன் மகன் பள்ளிக்கூடப் பையிலருந்து எடுத்து, முந்தானையில முடிஞ்சு வச்சுக் கடிப்பேன். கடிச்ச உடனே புதுமழை பெய்ஞ்ச மண்ணு வாசம் வரும் பாருங்க! பையன் டீச்சர்கிட்ட அடி வாங்கி அழுதுகிட்டு வந்தப்பத்தான் விஷயம் வீட்டுக்குத் தெரிஞ்சது. ரத்தம் பார்த்தா 7.8. ஆரம்ப சுகாதார நிலையத்துல படுக்க வச்சு இரும்புச்சத்து மருந்தைக் குளுக்கோஸ்ல கலந்து நாள் விட்டு நாள் ஏத்துனாங்க. ரத்தம் ஏற ஏற பல்பம் ஆசை தானாப் போயிட்டு. இப்ப அதை நினைச்சாலே பல் கூசுது.

மஞ்சக்காடு | நவம்பர் 26, காலை 8:55

...திருநீறு. கொஞ்சமாத்தான். பூஜை ரூம் வழியாப் போறப்பவெல்லாம்.

நர்சம்மா_ஓய்வு | நவம்பர் 26, மதியம் 12:30

கிளி, கேட்டியே ஒரு கேள்வி, உனக்கு நர்சு வேலையே கொடுக்கலாம்.

கண்ணு, ரெண்டு விஷயம் கலந்து நடக்குது. முதலாவது, ரத்தம் குறையல, கூடியிருக்கு. மொத்த ரத்தம் பேறுகாலத்துல கிட்டத்தட்ட பாதியளவு கூடிடும். ஆனா அதுல இருக்கற நீர்ப்பகுதி கூடுற வேகத்துக்குச் சிவப்பணு கூடாது. ரசத்துல தண்ணி ஊத்தி விளாவுன மாதிரி, அளவு கூடும், காரம் குறையும். நிறைமாசத்துல நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் கருப்பைக்குப் போகணும், பிரசவத்துல போற ரத்தத்துக்கும் கையிருப்பு வேணும். அதுக்குத்தான் இந்த ஏற்பாடு.

ரெண்டாவது, விளாவுனதுன்னு சொல்லி விட்டுடவும் கூடாது. 11க்குக் கீழ போனா ரத்தசோகைதான். திருநீறு ஆசையும் அதோட அடையாளம். குழந்தை தன் பங்கு இரும்பை உன்கிட்டருந்து எடுத்துக்கும், உனக்கு மிஞ்சுமான்னு பார்க்காது. பேரீச்சையும் மாதுளையும் நல்லதுதான், அதை மட்டும் நம்பி இந்தக் கணக்கு நேராகாது. மாத்திரை எப்பப் போடுறே?

மஞ்சக்காடு | நவம்பர் 26, மதியம் 12:50

காலையில டீ குடிச்சுட்டு, கால்சியம் மாத்திரையோட சேர்த்து. அப்பத்தான் மறக்காம இருக்கு.

நர்சம்மா_ஓய்வு | நவம்பர் 26, மதியம் 1:05

அங்கதான் ஓட்டை! டீ இரும்பை உடம்புல சேர விடாது. கால்சியமும் அப்படித்தான். ரெண்டையும் பிரி. கால்சியம் காலைச் சாப்பாட்டோட. இரும்பு மாத்திரை ராத்திரி, ஒரு டம்ளர் எலுமிச்சைத் தண்ணியோட. டீக்கும் அதுக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி. மலம் கறுப்பாப் போகும், பயந்துக்காதே. 10.4க்கு ஒரு நாளைக்கு ரெண்டு மாத்திரை தேவைப்படும், டாக்டர்கிட்டக் கேட்டு எழுதி வாங்கிக்கோ.

மஞ்சக்காடு | ஜனவரி 20, இரவு 9:30

32 வாரம். ரத்தம் 11.2! திருநீறு நெத்தியில மட்டும்.

இன்னைக்குப் பிரச்சினை மெட்டி. ரெண்டு நாளா விரல்ல பதிஞ்சு போய்ச் சுத்திச் சிவந்துடுச்சு. அத்தை கழட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலம் விரல் கத்தரிக்கா மாதிரி ஆனதைப் பார்த்து அவங்களே பயந்து, தையல் நூலை மெட்டிக்கு அடியில விட்டு, விரலைச் சுத்தி நெருக்கமா இறுக்கிச் சுத்தி, விளக்கெண்ணெய் தடவி, நூலோட நுனியை இழுத்து இழுத்து கால் மணி நேரத்துல ரெண்டையும் எடுத்துட்டாங்க. எடுத்ததும் ரெண்டு மெட்டியையும் மஞ்சத்துணியில முடிஞ்சு சாமி படத்துக்கு முன்னாடி வச்சுட்டு, என்கிட்டச் சொன்னது: "எனக்கும் இதே மாதிரிதான். ஆசாரி வந்து வெட்டியெடுத்தான்." அதுவரைக்கும் சொல்லவே இல்ல பாருங்க!

பத்து கிலோ கூடியிருக்கேன். குழந்தை ஒண்ணே முக்கால் கிலோதானாம். மீதியெல்லாம் எங்கம்மா இருக்கு?

நர்சம்மா_ஓய்வு | ஜனவரி 21, காலை 6:00

முதல்ல இதைச் சொல்லு: வீக்கம் கால்ல மட்டுமா, முகத்துலயுமா? தலைவலி, கண்ணு மங்கறது, மேல்வயித்துல வலி ஏதாவது? சாயங்காலம் வீங்கிக் காலையில வடியற கால்வீக்கம் நிறையப் பேருக்கு வரும். முகமும் கையும் திடீர்னு வீங்கினா அன்னைக்கே பிரஷர் பார்க்கணும். 140/90 தொட்டா வீட்டுல உக்காரக் கூடாது.

மஞ்சக்காடு | ஜனவரி 21, காலை 11:15

கால் மட்டும்தான். பார்த்துட்டு வந்துட்டேன், 118/76. சிறுநீர்ல உப்பு (அதான், புரதம்) இல்ல.

நர்சம்மா_ஓய்வு | ஜனவரி 21, மதியம் 12:00

நிம்மதி. இப்ப உன் பத்து கிலோ கணக்கு. நிறைமாசத்துக் கணக்காச் சொல்றேன், சுலபமா இருக்கும். குழந்தை மூணு கிலோ. நஞ்சுக்கொடி அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல. பனிக்குடத் தண்ணி முக்கால் கிலோ. கருப்பை மட்டும் ஒரு கிலோ, கல்யாணத்தப்ப அது ஒரு எலுமிச்சம்பழ எடை கூட அதிகமில்ல. கூடுன ரத்தம் ஒண்ணே கால், ஒண்ணரை. மார்பு அரை கிலோ. திசுக்கள்ல தேங்கற தண்ணி ஒரு ஒண்ணரை, உன் மெட்டியைப் பிடிச்சது அதுதான். மீதி கொழுப்பு. அதைப் பார்த்து முகம் சுளிக்காதே, பால் சுரக்கறப்ப அது கரையும்.

திருச்சி_மாப்ள | ஜனவரி 21, இரவு 10:20

வீக்கம் பத்திப் பேசறப்ப அரிப்பு பத்தியும் சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி என் வீட்டம்மாவுக்கு 34ஆம் வாரம் உள்ளங்கை, உள்ளங்காலெல்லாம் அரிப்பு. ராத்திரியானா அதிகம். தடிப்பு, கொப்புளம் ஒண்ணும் கிடையாது. சூடுன்னு சொல்லி வேப்பிலை அரைச்சுப் பூசினாங்க. பார்த்த ஒரு கிளினிக்குல வயிறு விரியறதால வர்ற அரிப்புன்னு களிம்பு கொடுத்துட்டாங்க. ஒரு வாரம் போச்சு. ஒரு ராத்திரி எந்திரிச்சுப் பார்த்தா, அவ சமையலறையில மொசைக் தரையில உள்ளங்காலைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கிறா. மறுநாள் வேற டாக்டர். பித்த நீர் ரத்தத்துல கலக்குதான்னு டெஸ்ட் எடுத்துட்டு, கல்லீரல் சம்பந்தப்பட்டது, குழந்தைக்கு ஆபத்தாகலாம்னாங்க. மாத்திரை கொடுத்து, அடிக்கடி வரச் சொல்லி, 37ஆம் வாரம் வலி வரவழைச்சு எடுத்தாங்க. பையன் இப்ப என் லேப்டாப் மேல ஏறி நிக்கிறான். பிரசவமானதும் அரிப்பு போயிடுச்சு.

நர்சம்மா_ஓய்வு | ஜனவரி 22, காலை 6:15

வயித்துத் தோல் விரிஞ்சு அரிக்கிறது சகஜம். உள்ளங்கை உள்ளங்கால் அரிப்பு அப்படி இல்ல. மாப்ள, நல்ல காரியம் பண்ணீங்க.

மஞ்சக்காடு | பிப்ரவரி 11, இரவு 8:45

இன்னைக்கு வளைகாப்பு. ஏழாம் மாசம் பிறந்த வாரத்துலயே மார்கழி வந்துட்டதால, ஒன்பதாம் மாசம் தை முடியறதுக்குள்ள வச்சாங்க. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் வளையல். திரும்பிப் படுத்தா கலகலங்குது, அவரு தூங்கல. வளையல் சத்தம் குழந்தைக்குக் கேட்கும், மூளை வளரும்னு திலகம் அண்ணா எங்கயோ எழுதியிருந்தாரே?

நர்சம்மா_ஓய்வு | பிப்ரவரி 12, காலை 6:30

காது கேட்க ஆரம்பிச்சு மாசக்கணக்காச்சு. ஆறேழு மாசத்துலயே வெளிச்சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் துள்ளும். ஆனா வயித்துச் சுவரைத் தாண்டி நல்லா உள்ள போறது கனமான, தாழ்ந்த சத்தம்தான். வளையல் மாதிரிக் கீச்சுச் சத்தம் பாதி வழியிலயே மங்கிடும். பறைச் சத்தம் போகும். எல்லாத்தையும் விடத் தெளிவாக் கேட்கறது உன் குரல், அது உன் உடம்பு வழியாவே இறங்குது. வளையல் உனக்குத்தான் கண்ணு. ஒன்பது மாசம் எல்லாரும் வயித்தையே பார்த்தாங்க, ஒரு நாளாவது உன் கையைப் பார்க்கட்டுமே.

மஞ்சக்காடு | மார்ச் 3, காலை 7:10

38 வாரம். திடீர்னு மூச்சு நல்லா வாங்க முடியுது, நெஞ்செரிச்சலும் இல்ல. ஆனா அரை மணிக்கு ஒருக்கா பாத்ரூம். அத்தை பார்த்ததும் "வயிறு இறங்கிடுச்சு"ன்னாங்க. அப்பப்ப வயிறு கல்லு மாதிரி ஆகுது. சூட்டு வலின்னு சீரகத் தண்ணி தர்றாங்க.

நர்சம்மா_ஓய்வு | மார்ச் 3, காலை 8:00

அத்தை சொன்னது சரி. தலை இடுப்பெலும்புக்குள்ள இறங்கிடுச்சு, நுரையீரலுக்கு இடம் கிடைச்சுது, சிறுநீர்ப்பைக்குப் போச்சு. பொய்வலின்னா நடந்தா, திரும்பிப் படுத்தா அடங்கும். நிஜ வலி அடங்காது, இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வரும், இடுப்புல பிடிச்சு முன்னாடி வரும். தண்ணி உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, அசைவு குறைஞ்சாலோ எதுக்கும் காத்திருக்காதே. சீரகத் தண்ணி குடி, ஆனா அதைக் குடிச்சுட்டு உக்காந்து பார்க்கலாம்னு இருக்காதே.

மஞ்சக்காடு | மார்ச் 19, மதியம் 3:30

பொண்ணு! மார்ச் 14 விடியக்காலை 4:20. 2 கிலோ 900. சுகப்பிரசவம். வெளிய வந்தப்ப உடம்பெல்லாம் வெண்ணெய் பூசின மாதிரி வெள்ளையா இருந்தா. அழறதுக்கு முன்னாடி ஒரு நொடி நீலமா, அழுததும் நெஞ்சுலருந்து மெல்ல மெல்லச் சிவப்பு பரவுனதை என் வயித்து மேல போட்டிருந்தப்பப் பார்த்தேன். அதை எப்படி எழுதறதுன்னு தெரியல.

ஒரு சந்தேகம். குழந்தை வெளிய வந்தும் வயிறு அஞ்சு மாசம் மாதிரியே இருக்கு. பால் கொடுக்கறப்பவெல்லாம் அடிவயிறு சுருக்சுருக்குனு வலிக்குது.

நர்சம்மா_ஓய்வு | மார்ச் 19, மாலை 4:10

மகாலட்சுமி வந்துட்டாளா! நல்லா இருங்க ரெண்டு பேரும்.

பிரசவம் முடிஞ்சதும் கருப்பை தொப்புள் மட்டத்துல நிக்கும், நீ அஞ்சாம் மாசம் தொட்டுப் பார்த்தியே, அதே இடம். அங்கருந்து நாளைக்கு ஒரு விரல்கடை இறங்கும். பத்துப் பன்னெண்டு நாள்ல எலும்புக்குப் பின்னாடி போயிடும், பழைய அளவுக்கு வர ஆறு வாரம். குழந்தை சப்புறப்ப சுரக்கற ஹார்மோன்தான் பாலையும் தள்ளுது, கருப்பையையும் சுருக்குது. அதனாலதான் அந்த வலி. ரத்தப்போக்கு குறையறதும் அதால. காய்ச்சலோ, நாத்தமோ, ஒரு மணி நேரத்துல ஒரு நாப்கின் முழுசா நனையறதோ இருந்தாத்தான் ஓடணும். இரும்பு மாத்திரையை நிறுத்திடாதே, இன்னும் ஆறு மாசம். மூணு மாசத்துல தலைமுடி கொத்துக்கொத்தாக் கொட்டும், இப்பவே சொல்லிட்டேன்.

மஞ்சக்காடு | மார்ச் 19, மாலை 4:40

அம்மா, அத்தை பக்கத்துலதான் இருக்காங்க, நீங்க எழுதுறதை நான் வாசிக்கக் கேட்டுட்டே குழந்தைக்குக் கால் நீவி விடறாங்க. காலண்டர்ல மார்ச் 17ஐச் சுத்திப் பென்சில்ல வட்டம் போட்டு வச்சிருந்தாங்க. "அந்த நர்சம்மா கணக்கு மூணு நாள் தப்பிடுச்சே, ஏன்னு கேளு"ங்கறாங்க.

நர்சம்மா_ஓய்வு | மார்ச் 19, மாலை 4:52

நூத்துல நாலஞ்சு குழந்தைதான் குறிச்ச தேதிக்கு வரும்னு சொல்லு. மெட்டி மஞ்சத்துணியிலயே இருக்கட்டும், வீக்கம் வடிய இன்னும் ஒரு வாரம் ஆகும்.